சுத்தமான பின்னணி

என் மச்சானுக்குப் படம் எடுக்க வராது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குரூப் படம், கல்யாணப் படம் என்று ஊரில் பாதிப் பேருடைய முகம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் மனைவியின் தம்பி கையில் கேமராவைக் கொடுத்தால் போதும், எதிரே நிற்கிறவர்களுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்காது. எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் அவன் ஆசையாக எடுத்த படத்தில் இருப்பது நான்தான் என்பதற்கு ஒரே சாட்சி என் பெல்ட். அன்றைக்கு அவனுக்கு நான் வைத்த பெயர் 'தலைவெட்டி'. குடும்பத்தில் எல்லாருக்கும் அது பிடித்துப்போய், அவனுக்கே பிடித்துப்போய், இப்போது அவன் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் அட்டைப்பெட்டி ஒன்றைப் பச்சைக் குழந்தையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தான்.

"மாமா, கேமரா வாங்கிட்டேன்."

"யாரு தலைக்குடா ஆபத்து?"

"இதுல தலையெல்லாம் வராது மாமா. வானம் மட்டும்தான் வரும்."

பெட்டியைப் பிரித்தான். உள்ளே தடித்த அகராதி அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு சாமான். குட்டையாக மூன்று கால்கள். பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கும் ஒரு கை, அந்தக் கையில் லென்ஸ். நட்சத்திரத்தைப் படம் பிடிக்கிற ஸ்மார்ட் கேமராவாம். நானும் அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். கண் வைத்துப் பார்க்க ஒரு துளை கூடக் கிடையாது. பொத்தான் ஒன்றே ஒன்று.

"எங்கடா பாக்கறது?"

"போன்ல பாக்கணும் மாமா."

"ஃபோகஸ்?"

"அதுவே பண்ணிக்கும்."

"எக்ஸ்போஷர்?"

"அதுவும் அதுவே."

"வானம் அவ்வளவு பெரிசு கிடக்கு. எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிய வேணாம் மாமா. என்ன வேணும்னு பேரைச் சொன்னா அதுவே தேடிக்கும்."

"அப்ப நீ எதுக்குடா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "மாடிக்குத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும்ல மாமா?"

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள். கிண்டல் செய்தால் கோபப்பட வேண்டும். அப்போதுதான் கிண்டல் செய்கிறவனுக்கு மரியாதை. இவன் அசடு வழியச் சிரித்து, நாம் சொன்னதை ஒத்துக்கொண்டு, கூட இரண்டு வார்த்தை சேர்த்தும் கொடுப்பான்.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். சீக்கிரமே இருட்டிவிடுகிற மாதம் அது. லிஃப்ட் மோட்டார் ஓடும் அறைக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடமாகப் பார்த்துச் சாமானை வைத்தான். அதன் தலையில் இருந்த நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை மூன்று கால்களையும் மாற்றி மாற்றித் திருகினான். லிஃப்ட்காரன் இல்லையா, மட்டம் பார்ப்பதில் மட்டும் அவனை ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு போனில் ஆண்ட்ரோமீடா என்ற பெயரைத் தொட்டான். சாமான் 'உய்ங்' என்று கையைத் தூக்கியது. கல்யாண மண்டபத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவர் மாதிரி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, ஓரிடத்தில் போய் நின்றுகொண்டது.

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்ல மாமா. சின்னச் சின்னதா நிறைய எடுக்கும். ஒண்ணு மேல ஒண்ணு போட்டுச் சேத்துக்கிட்டே இருக்கும். போகப் போகத் தெளியும்."

முதலில் வந்தது, கண்ணாடியில் யாரோ வாயால் ஊதிய மாதிரி ஒரு மங்கல். நான் சந்தோஷமாக, "பிரமாதம்டா, ஆவி அருமையா வந்திருக்கு" என்றேன். ஆனால் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அந்த மங்கலுக்கு ஒரு நடு வந்தது. நடுவைச் சுற்றி ஒளி வந்தது. அதற்குப் பிறகு சாய்த்து வைத்த தட்டு மாதிரி, ஓரத்தில் கருப்பு வரி ஓடும் ஒரு சுழல் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. சூரியன் மாதிரி கணக்கில்லாத நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம் அது என்றான் மச்சான். போன் திரையெல்லாம் பொடிப் பொடியாக என்னவோ ஒட்டியிருந்தது. அதை வாங்கிச் சட்டை நுனியால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ் மாமா" என்றான்.

வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெளிச்சத்துக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, பிடிவாதக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கக் குரங்கு வேஷம் வரை போட்டு நான் கற்றுக்கொண்ட தொழில் இது. தலைவெட்டியோ ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காதைக் குடைந்தபடி இப்படி ஒரு படத்தை எடுத்துவிட்டான். குளிர்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் மனைவி நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"என்னங்க, அவன் இஸ்திரி போட்ட சட்டையா போட்டிருந்தான்?"

"ஆமா."

"மொட்டை மாடிக்கா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பிறந்ததிலிருந்து இஸ்திரிப் பெட்டியை அவன் தொட்டதில்லை. மறுநாளே தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் போட்டதை அவன் பாதி சாப்பிடுவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. நூலகத்தில் வான்நோக்கர் குழு என்று ஒன்று இருக்கிறது. இவன் அதில் சேர்ந்திருக்கிறான். குழுவை நடத்துகிறவர் நூலகர். நூலகர் ஒரு பெண். கல்யாணம் ஆகாதவர், இவன் வயதுதான். என் மச்சானோ நாற்பதைத் தாண்டியவன். அவன் வாயிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு வருவது அதுதான் முதல் தடவை.

"பேசினியாடா?" என்றாள் என் மனைவி.

"பேசினாங்க."

"என்ன பேசினாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"யாரு, நீயா?"

"படம் அக்கா."

வாசிப்பு அறையில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு படம் மாட்ட வேண்டும். இவன் போனில் காட்டிய ஆண்ட்ரோமீடாவைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தை நூலகர் இவனுக்கு ஒதுக்கியிருக்கிறார்.

"அன்னிக்கே கேட்டுடு," என்றாள் என் மனைவி. "ஒரு நாள் சாயங்காலம் எங்கயாவது வெளியில போலாமான்னு. வேற ஒண்ணும் வேணாம், அதை மட்டும் கேளு."

மச்சான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டுடலாம்னுதான் அக்கா இருக்கேன். படம் பக்கத்துல நின்னுக்கிட்டா கேட்டுடுவேன். வெறும் ஆளா போய் நின்னா என்கிட்ட என்ன அக்கா இருக்கு? லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். அந்தப் படம் மாட்டியிருந்தா எனக்கும் ஏதோ இருக்கற மாதிரி இருக்கும்."

எனக்குக் கிண்டல் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். என் மனைவி அவன் தட்டில் மறுபடியும் சோற்றைப் போட்டாள். படத்தைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னாள். அந்த வாரம் அவனுக்கு ஓய்வே கிடையாது, ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மாற்றுகிற வேலை. பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இங்கே என் மனைவியின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது நான், டச்சப் செய்வது அவள். பருவை எடுப்பாள், கருவளையத்தை எடுப்பாள், தூக்கமில்லாத மாப்பிள்ளையைத் தூங்கி எழுந்தவனாக்குவாள். பெற்ற தாயே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வேலை சுத்தமாக இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே கொள்கை: ஆள் பளிச்சென்று தெரிய வேண்டும், பின்னணியில் ஒரு தூசி இருக்கக் கூடாது.

மத்தியானம் நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குரூப் படம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லென்ஸைத் துடைக்கவே மாட்டானாங்க இவன்? எவ்வளவு தூசி! ஒரு இடம் பாக்கி இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்திருக்கேன். நடுவுல விட்டுட்டுப் போகவும் மனசு வரல. அவன் வாழ்க்கைப் பிரச்சினை."

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"இதோ, இந்த மூலையில ஒண்ணை மட்டும் விட்டு வெச்சேன். மச்சம் மாதிரி அழகா இருக்கு. அப்புறம் இங்க பக்கத்துல ரெண்டு கறை இருந்துச்சு, எச்சில் தெறிச்ச மாதிரி. அதையும் எடுத்துட்டேன்."

நான் திரைக்கு அருகே போய்ப் பார்த்தேன். அடடா! கன்னங்கரேலென்ற பட்டுத்துணியில் ஒற்றை நகையை வைத்தது போல இருந்தது. மையிட்ட கறுப்பில் அந்தச் சுழல் மட்டும் ஜொலித்தது. என் எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருப்பதிலேயே நல்ல பேப்பரை எடுத்துப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டேன். மெல்லிய கறுப்புச் சட்டம். நானே கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த உதவியாளர் கொண்டு வந்த நிலையிலேயே, காகிதம் சுற்றியபடி வாங்கி வைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே போனோம். மச்சானை ஆஸ்பத்திரி லிஃப்ட் பிடித்து வைத்துக்கொண்டது, நேராக வந்துவிடுகிறேன் என்று போன் செய்தான். வாசிப்பு அறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை அழிக்கக் கூடாது' என்று விதி எழுதியிருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "நியாயம்தானே, இல்லாட்டி ஏமாத்திடுவாங்க" என்றாள்.

உள்ளே எள் விழ இடமில்லை. கதவுக்கு நேர் எதிரே எங்கள் படம். தூரத்திலிருந்தே அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அதன் முன்னால் நாலைந்து பேர் பேச்சு மூச்சில்லாமல் நின்றிருந்தார்கள். அசந்து போயிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்காக மற்றப் படங்களைப் பார்வையிட ஆரம்பித்தேன்.

எல்லாம் ஒரே குப்பை. ஒரு படம்கூடச் சுத்தமாக இல்லை. உப்பைக் கொட்டிய மாதிரி எங்கே பார்த்தாலும் புள்ளி.

"பாத்தியா?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தேன். "யாருக்கும் துடைக்கத் தெரியல. இங்க பாரு, இதுவும் நம்ம ஆண்ட்ரோமீடாதான். பல் டாக்டர் எடுத்ததாம். ஊர்ப் பல்லெல்லாம் சுத்தம் பண்றவருக்கு ஒரு படத்தைச் சுத்தம் பண்ணத் துப்பில்ல."

என் மனைவி சிரிக்கவில்லை. அந்தப் படத்துக்கு மிக அருகே போய் நின்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"என்னங்க, அந்த ரெண்டு கறை இங்கயும் இருக்கு."

"எந்தக் கறை?"

"நான் எடுத்தது. எச்சில் தெறிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேனே. அதே இடம், அதே அளவு. ரெண்டு பேர் லென்ஸ்லயும் ஒரே இடத்துல எச்சில் தெறிக்குமா?"

படத்துக்குக் கீழே சின்னத் தாளில் பல் டாக்டர் விளக்கம் எழுதியிருந்தார். நான் குனிந்து படித்தேன். பெரிய சுழலுக்குப் பக்கத்தில் தெரிகிற இரண்டு மங்கலான திட்டுகளும் தனித்தனி நட்சத்திரக் கூட்டங்களாம். ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான நட்சத்திரங்களாம். சுற்றிலும் பொடியாகத் தெரிகிறவை எல்லாம் நமக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களாம். இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். இருந்தாலும் பெண்டாட்டியிடம் மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"கோடிக்கணக்குலயா?" என்றாள் அவள்.

"கோடிக்கணக்குல."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான் எடுத்திருக்க. சுத்தமா எடுத்திருக்க. பெத்த தாயே கண்டுபிடிக்க முடியாது."

இந்த இடத்தில் நான் கிண்டல் செய்திருக்கக் கூடாது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஒன்றும் தெரியாதவன் போல எங்கள் படத்தின் சட்டத்தில் கை வைத்தேன்.

"சார், படத்தைத் தொடாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். காதோரம் நரைத்த குட்டை முடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. கையில் ஒரு பூதக்கண்ணாடி வேறு. அறிமுகம் தேவைப்படவில்லை.

"கொஞ்சம் கோணலா இருந்துச்சு, நேரா வைக்கலாம்னு..." என்றேன்.

"நேராத்தான் இருக்கு," என்றார் நூலகர். வார்த்தையை அளந்துதான் பேசினார். "இப்பதான் பிரிச்சு மாட்டினாங்க. நான் போன்ல பார்த்த படம் இது இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தானா கதவு திறக்க வேண்டும்? என் மச்சான் வந்து நின்றான். கம்பெனி உடுப்பு, கையில் கிரீஸ். தலையை மட்டும் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். வந்தவன் நேரே தன் படத்தைப் பார்த்தான். ஓடி வந்தவன் தடுக்கி நின்ற மாதிரி நின்றான். அவன் உதடு மெல்ல அசைந்தது. எது எது இல்லை என்று பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பார்த்துக்கொண்டே வந்தவன், சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இது நீங்க எடுத்ததா?" என்றார் நூலகர்.

"ஆமாங்க."

"சுத்தி இருந்த நட்சத்திரமெல்லாம் எங்க?"

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். மச்சான் தொண்டையைச் செருமினான். "நான்தாங்க அழிச்சேன்."

"விதி தெரியும்ல?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன்?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதாங்க."

நூலகரின் முகம் இறுகிப்போனது. இவ்வளவு நாள் ஆசை வைத்து, இஸ்திரி போட்டு, வார்த்தையை மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்து, கடைசியில் அக்கா தலை குனியக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் தூக்கிக் கொடுத்துவிட்டான் மடையன். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

நூலகர் விடுகிற மாதிரி இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தை ஆராய்ந்தார். "ஒரு தடம்கூட இல்ல. எதை வெச்சு அழிச்சீங்க?"

மச்சான் திருதிருவென்று விழித்தான். என்னைப் பார்த்தான். மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

"ரப்பர் வெச்சுங்க," என்றான்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு என் மனைவியின் பொறுமை போய்விட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள்.

"ரப்பரா! பொய் சொல்லவாவது தெரியுதா உனக்கு? அம்மா, அவனுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாதும்மா. நான்தான் அழிச்சேன். நான் இவன் அக்கா. டச்சப் பண்றவ. தூசின்னு நெனச்சு ஒரு மத்தியானம் பூராவும் உக்காந்து ஒண்ணொண்ணாத் துடைச்சேன். இவன் படத்தைப் பாக்கக்கூட இல்ல. அவன் மேல ஒரு தப்பும் கிடையாது, எல்லாம் என் கிறுக்குத்தனம்."

"ஒண்ணொண்ணாவா?" என்றார் நூலகர்.

"ஒண்ணொண்ணாத்தான். கழுத்து இன்னும் வலிக்குது."

நூலகர் படத்தின் மூலையைக் காட்டினார். "இந்த ஒண்ணை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது மச்சம் மாதிரி இருந்துச்சும்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. முகம் பார்த்தே பிழைக்கிறவன் நான். இத்தோடு பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். அவரோ இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துப் படத்தைக் கழற்றினார்.

"விதியை எழுதினதே நான்தான்," என்றார் என் மனைவியிடம். "தப்பா எடுத்துக்காதீங்க."

படத்தை மேசைமேல் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. மச்சான் அந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வேறெங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"முதல்ல எடுத்தது இருக்கா?" என்று அவனிடம் கேட்டார் நூலகர். "அதை மாட்டிடலாம்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். என் மனைவி ஈனக்குரலில், "அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்" என்றாள்.

"மெஷின்ல? போன்ல?"

"ரெண்டுலயும் இடம் போதலைன்னு அழிச்சுட்டேங்க," என்றான் மச்சான். "பரவால்லைங்க. உங்களுக்குத்தான் சிரமம். அந்த இடத்துல வேற யாராவது படத்தை மாட்டிடுங்க. எனக்கு... வேலை பாக்கி இருக்கு, நான் கிளம்பறேன்."

என் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். கேளுடா, இப்பவாவது கேளுடா என்று அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அவன் பார்க்கவே இல்லை. கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான். அவனை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், இப்படி முதுகைக் காட்டிப் போய் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இருங்க," என்றார் நூலகர்.

நின்றான்.

"ஆணியை வெறுமனே விட முடியாது. கண்காட்சி இந்த வாரம் முழுக்க நடக்குது. நீங்க மறுபடி எடுக்கணும்."

"எடுத்துக் கொண்டாந்து குடுத்துடறேங்க."

"நாளைக்குச் சாயங்காலம் உங்க மாடிக்கு நானும் வரேன்," என்றார் நூலகர்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். பிடித்த இடத்திலேயே மறுபடியும் நகம். வலியே தெரியவில்லை எனக்கு. அப்படியே காலில் விழுந்து ஒத்துக்கொள்வான் என்று பார்த்தால், என் மச்சான் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு வேணாங்க," என்றான்.

அட மண்டூகமே! என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பல் டாக்டர் 'ச்சு' கொட்டினார். அவன் பாட்டுக்குப் பொறுப்பாக விளக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பூராவும் மேகங்க. ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது. மெஷினை வெளியில எடுக்கறதே வீண். நீங்க அவ்வளவு தூரம் வந்து..."

"மேகம்னு எனக்கும் தெரியும்," என்றார் நூலகர். "காலையிலயே பார்த்துட்டேன்."

கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து, அவசரமே இல்லாமல் துடைத்தார். அவர் காது சிவந்திருந்தது.

"மெஷின் உள்ளயே இருக்கட்டும்."

என் மச்சான் வாயைத் திறந்தான். மூடினான். அது மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.

"எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றான்.